பர்ட்டன் மதுவடிசாலையின் கடற்கரைப் பயணங்கள்

உடன் பணிபுரிவோரை ஒரு நாள் வெளியூருக்கு அழைத்துச்செல்லும் நிறுவன வழக்கத்தின் மிக விரிவான முன்வடிவங்களுள் ஒன்று, இங்கிலாந்தின் பர்ட்டன் அப்பான் டிரென்ட் நகரில் உருவானது. 'பேல் ஏல்' எனப்படும் வெளிர்நிற பார்லி மதுவை வடித்து இந்தியா வரை அனுப்பிவந்த பாஸ் நிறுவனம், 1860களிலிருந்து 1914 வரை, தன் தொழிலாளரையும் அவர்தம் குடும்பத்தாரையும் கோடையில் ஒரு நாள் கடற்கரைக்கு அனுப்பிவைத்தது.

பணியாளர் நலனுக்கெனத் தனித்துறை இல்லாத அக்காலத்தில், இப்பொறுப்பு நிறுவனத்தின் ரயில் போக்குவரத்து மேலாளரான வில்லியம் வால்டர்ஸிடம் வந்தது பொருத்தமே. பாஸ் நிறுவனம் நகருக்குள் சொந்தத் தண்டவாளங்களும் எஞ்சின்களும் வைத்திருந்தது. லண்டனின் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்தின் கீழ்த்தளத் தூண்களுக்கிடையிலான தொலைவே பர்ட்டன் பீப்பாய்களை அடுக்கும் அளவைக் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்டது என்றால், பர்ட்டனின் சரக்குப் போக்குவரத்து எத்துணைப் பெரியது என்பது விளங்கும். பீப்பாய்களைக் காலந்தவறாமல் அனுப்பிப் பழகிய அதே திறமையைக் கொண்டு வால்டர்ஸ், 1893இல் கிரேட் யார்மத்துக்குச் சென்றபோது, 15 தனி ரயில்களில் ஆயிரக்கணக்கானோரை ஏற்றி அனுப்பினார். விடியுமுன் தொடங்கி, ரயில்கள் சிறு இடைவெளிகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. எந்த ரயில் எப்போது புறப்படும், எப்போது திரும்பும் என்பவற்றோடு, செல்லும் ஊரின் வரலாற்றையும் காணத்தக்க இடங்களையும் விவரிக்கும் அச்சிட்ட கையேடு ஒன்றையும் அவர் ஆயத்தம் செய்தார். வெறும் சுற்றறிக்கையோடு நின்றிருக்கக்கூடிய இடத்தில் இவ்வளவு உழைத்தது, தொழிலாளரை அவர் எவ்வளவு மதித்தார் என்பதற்குச் சான்று.

பிற்காலக் குழுப்பயிற்சிகளோடு ஒப்பிட்டால் இப்பயணங்களின் தனித்தன்மை புலப்படும். 1941இல் இளம் மாலுமிகளுக்காக வேல்ஸின் அபெர்டோவியில் தொடங்கப்பட்ட 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியின் வழிவந்த பயிற்சிகள், குழுவுக்குச் சோதனைகளை வைத்து அதன்வழி நம்பிக்கையை வளர்க்க முயல்பவை. வால்டர்ஸின் திட்டமோ ரயில் நிலையம் வரை ஒவ்வொரு நிமிடத்தையும் வகுத்துவிட்டு, கடலோரப் பொழுதைத் தொழிலாளர் கையிலேயே விட்டது. அதன் சிறப்பும் இதுவே. ஆயினும் அந்த ஒரு நாள், முதலாளி மனமுவந்து அளித்த கொடையேயன்றி உரிமையன்று. ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கான பொதுச்சட்டம் பிரிட்டனில் 1938இல்தான் வந்தது.

1914 ஜூலையில் ஸ்கார்பரோவுக்குச் சென்றதே இத்தகைய பெரும்பயணங்களில் இறுதியானது. ஆகஸ்ட் 4ஆம் நாள் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது; போர் முடிந்த பின்னரும் அவை அந்த அளவில் மீண்டும் நடைபெறவில்லை.