காற்றும் பந்தும் பொதுத்திடலும்

மட்டையும் வலையும் கொண்டு ஆடும் ஆட்டங்களின் வரலாற்றை இரண்டு காரணிகள் பெரிதும் வடிவமைத்துள்ளன: ஒன்று திறந்தவெளிக் காற்று, மற்றொன்று நிலம் யார் கையில் இருக்கிறது என்பது. செங்கல்பட்டு மாவட்டத்தில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டியுள்ள படூர் போன்ற கரையோர ஊர்களில் கோடைப் பிற்பகல்களில் கடற்காற்று வீசும்போது, ஏறத்தாழ 5 கிராம் எடையுள்ள இறகுப்பந்து திசைமாறிப் போய்விடுவதால், அவ்வாட்டத்துக்குச் சுவர்கள் சூழ்ந்த அரங்கம் தேவைப்படுகிறது.

இச்சிக்கலுக்குத் தமிழகம் கண்ட விடை பூப்பந்தாட்டம். இறகுக்கு மாற்றாக மஞ்சள் கம்பளி நூலால் ஆன பந்தைப் பயன்படுத்தும் இவ்வாட்டம் 1850களில் தஞ்சை அரச குடும்பத்தாரின் விருப்ப ஆட்டமாக இருந்ததாகக் கூறப்படுகிறது. பூனாவில் இறகுப்பந்து ஆடியவர்களும் காற்றோ ஈரமோ மிகுந்த நாட்களில் கம்பளிப் பந்தையே நாடினர். 27 முதல் 30 கிராம் வரை எடையுள்ள அப்பந்து காற்றுக்கு ஈடுகொடுக்கும். பந்து தரையில் படுமுன் திருப்பி அடிக்க வேண்டும் என்பது விதியாகையால், அது எழும்புவதற்கேற்ற கெட்டித் தளமும் வேண்டியதில்லை. சமன்செய்த மண்தரை, சுண்ணாம்புக் கோடுகள், இரு கம்பங்கள், ஒரு வலை ஆகியவை போதும். அணிக்கு ஐவர் ஆடுவதால் ஒரே களத்தில் பத்துப் பேருக்கு இடம் கிடைத்தது. அரண்மனையில் தொடங்கிய ஆட்டம் பள்ளித் திடல்களுக்கும் ஊர்ப் பொதுநிலங்களுக்கும் பரவ இந்த எளிமையே வழிவகுத்தது. 1954-இல் இந்தியப் பூப்பந்துக் கூட்டமைப்பு உருவானது, 1970-இல் ஜே. பிச்சையா இவ்வாட்டத்துக்கான முதல் அர்ஜுனா விருதைப் பெற்றார்.

பேடல் ஆட்டம் இதற்கு நேரெதிரான வழியில் வளர்ந்தது. 1969-இல் மெக்சிகோவின் அகாபுல்கோ நகரில் என்ரிக்கே கோர்குவேரா என்னும் செல்வந்தர், டென்னிஸ் களத்துக்குப் போதிய இடமில்லாத தம் வீட்டு வளாகத்தில், சுற்றுச்சுவரில் பட்டுத் திரும்பும் பந்தும் ஆட்டத்தில் அடங்கும் எனக் கொண்டு இதை வகுத்தார். 1974-இல் ஸ்பெயினின் மார்பெல்லா நகருக்கு வந்த பேடல், முதலில் செல்வர்களின் மன்றங்களுக்குள்ளேயே இருந்தது. பின்னர் நகராட்சிகள் தங்கள் விளையாட்டு வளாகங்களில் கண்ணாடிச் சுவருடன் களங்கள் அமைத்துக் குறைந்த கட்டணத்தில் திறந்துவிட்டபோது எளியோரும் ஆடத் தொடங்கினர். தனிவீட்டில் பிறந்த ஆட்டம் வெகுமக்களிடம் சேர, கட்டுமானச் செலவை உள்ளாட்சி ஏற்க வேண்டியிருந்தது.

தமிழகத்தில் ஊராட்சித் திடலும், அதைப் பராமரித்துப் போட்டி நடத்தும் இளைஞர் நற்பணி மன்றமும் ஆட்டத்தை வெகுமக்களிடம் சேர்க்கும் பணியை நெடுங்காலமாகச் செய்துவந்துள்ளன. அரசும் 2024-இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தின் வழியே ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருள்களை வழங்கத் தொடங்கியது. ஆயினும் சிறுசேரி மென்பொருள் பூங்காவுக்கு அண்மையில் உள்ள படூர் வட்டாரத்தில் தட்டுப்பாடு பொருளுக்கு அன்று, நிலத்துக்கே. 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட பூப்பந்துக் களம், 2,400 சதுர அடியை ஒரு கிரவுண்டாகக் கணக்கிடும் சென்னை வழக்கப்படி, ஒன்றேகால் கிரவுண்டுக்கும் மேல்; 20 மீட்டருக்கு 10 மீட்டர் அளவுள்ள பேடல் களமோ ஒரு கிரவுண்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே நிலம் சுருங்கும் ஊர்களில் பேடல் பொருந்தக்கூடிய ஆட்டமே. ஆனால் அதன் கண்ணாடிச் சுவருக்குள் கட்டணம் செலுத்த இயலாதவரும் நுழைவதற்கு, ஊராட்சி அக்களத்தைத் தன் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும் என்பதையே இவ்விரு ஆட்டங்களின் வரலாறும் உணர்த்துகிறது.