ஆட்டுத்தோலில் எழுதிய நீதி

தென்காசி வடகரைப் பகுதியில் கூலி வேலை செய்து பிழைக்கும் ஒரு தாயின் மகனைக் காவல்துறையினர் அழைத்துச் சென்று, எங்கே வைத்திருக்கின்றனர் என்பதே தெரியாமற்போனால், அத்தாய் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். அந்த மனிதனைக் கொண்டுவந்து முன்னே நிறுத்துமாறும், எந்தச் சட்டப்படி அடைத்து வைத்திருக்கிறார்கள் எனச் சொல்லுமாறும் நீதிமன்றம் அரசுக்கு ஆணையிடும். ஓர் ஏழைத் தாயின் கேள்விக்கு அரசு விடை சொல்லக் கடமைப்பட்டிருப்பது எத்துணைப் பெரிய செய்தி என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்வுரிமையின் வேர்களுள் ஒன்று, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஆட்டுத்தோலில் எழுதப்பட்ட ஒரு சாசனத்தில் இருக்கிறது.

1215ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், தேம்சு ஆற்றங்கரையில் ரன்னிமீடு என்னும் புல்வெளியில், இங்கிலாந்து அரசன் ஜான் தன் பிரபுக்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி ஓர் ஆவணத்துக்கு முத்திரையளித்தான். பிரான்சில் இழந்த நிலங்களை மீட்கும் போருக்கென அவன் விதித்த வரிகளும், விசாரணையின்றிப் பறித்த சொத்துகளும் அவர்களைக் கொதிப்படையச் செய்திருந்தன. 'மாக்னா கார்ட்டா', அதாவது மகா சாசனம், என்று பின்னாளில் பெயர்பெற்ற அவ்வாவணத்தை இன்று 63 பிரிவுகளாக எண்ணுகின்றனர். அவற்றுட் பல மீன்பிடி அணை, அளவைக் கருவி, கைம்பெண்ணின் சொத்து போன்ற அன்றாடச் செய்திகளைப் பேசுபவை. ஆனால் 39ஆம் பிரிவு, சட்டப்படியான தீர்ப்பின்றி எந்தச் சுதந்திர மனிதனையும் சிறைப்பிடிக்கலாகாது என்றது. 40ஆம் பிரிவு, நீதியை விற்கவோ மறுக்கவோ தாமதப்படுத்தவோ மாட்டோம் என அரசனையே உறுதி கூற வைத்தது.

இச்சாசனத்தில் திருச்சபையின் பங்கு பெரிது. அது பெருமையும் வருத்தமும் கலந்த வரலாறு. பிரபுக்களுக்கும் அரசனுக்கும் இடையே நின்று உடன்பாட்டுக்கு வழிகோலியவர் காண்டர்பரி பேராயர் ஸ்தேவான் லாங்டன். இன்று நாம் திருவிவிலியத்தை அதிகாரம் அதிகாரமாகப் பிரித்து வாசிக்கும் முறைக்கு வித்திட்டவராகவும் அவரே கருதப்படுகிறார். சாசனத்தின் முதற்பிரிவு இங்கிலாந்துத் திருச்சபையின் சுதந்திரத்தைக் காக்கிறது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட், அரசனிடம் வலிந்து பெறப்பட்டது எனக் கூறி அச்சாசனத்தைச் செல்லாததாக்கினார். ஜான் 1213இல் தன் நாட்டையே திருத்தந்தையிடம் ஒப்படைத்து அவருக்குக் கீழ்ப்பட்ட அரசனாகியிருந்தான் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். பிரபுக்களைச் சபைக்குப் புறம்பாக்கும் ஆணையை நிறைவேற்ற மறுத்த லாங்டன் பதவியினின்று இடைநீக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டில் ஜான் இறந்தபின், சிறுவனான மூன்றாம் ஹென்றியின் பெயரால் சாசனம் மீண்டும் வெளியிடப்பட்டது. அதில் முத்திரையிட்ட இருவருள் ஒருவர் திருத்தந்தையின் தூதர் குவாலா. உரோமை செல்லாதென்ற ஏடு, உரோமையின் தூதர் கையாலேயே உயிர்பெற்றது.

மகா சாசனம் எல்லா மக்களுக்காகவும் எழுதப்பட்டதன்று. 'சுதந்திர மனிதன்' என்ற சொல்லுக்குள் அந்நாட்டு உழவர்களிற் பெரும்பாலோர் அடங்கமாட்டார்கள். அவர்கள் பிரபுக்களின் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த அடிமைக் குடிகள். எனினும், தலைமுறை தலைமுறையாக அச்சாசனத்தைச் சுட்டிக்காட்டிக் கேட்டவர்கள் இருந்தார்கள். 1225இல் அது உறுதியான வடிவம் பெற்றது. 1354இல் இயற்றிய ஒரு சட்டம், எந்நிலையில் உள்ளவராயினும் முறையான வழக்கு நடவடிக்கையின்றித் தண்டிக்கலாகாது என்று அதன் எல்லையை விரித்தது. 1628இல் நாடாளுமன்றம் உரிமை விண்ணப்பத்தில் அதனை எடுத்துக்காட்டி அரசனைக் கேள்வி கேட்டது. 1679இல் ஆட்கொணர்வுச் சட்டம் வந்தது. பிரபுக்கள் தங்களுக்கென எழுதிக்கொண்டது, கேட்டவர்களால் பொதுவுடைமை ஆயிற்று.

நம் மண்ணிலும் ஆட்சிக்கு நெறி வகுத்த சாசனங்கள் உண்டு. நெல்லையிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் வழியிலுள்ள மானூரில், பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 800ஐ ஒட்டியது என்பர். ஊர்ச்சபையில் அமர்வோர் நல்லொழுக்கமும் கல்வியும் உடையவராயிருத்தல் வேண்டும் என்றும், முன்வைக்கப்படும் ஒவ்வொன்றையும் மறுத்துத் தடை செய்வோர் ஐந்து காசு தண்டம் இறுத்தல் வேண்டும் என்றும் அது விதிக்கிறது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப்பின் 919, 921ஆம் ஆண்டுகளில் எழுந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்ததையும், கணக்குக் காட்டாதவரை விலக்கியதையும் விரிவாகக் கூறுகின்றன. ரன்னிமீட்டுக்கு மிக முந்தியவை இவை. ஆயினும் இவையும் நிலமும் மறைக்கல்வியும் உடைய அந்தணர்க்கே உரியவையாக இருந்தன. பெண்டிர்க்கும் உழைத்த குடிகளுக்கும் அச்சபைகளில் இடமில்லை. குறை இரண்டிடத்தும் ஒன்றே. ஆங்கிலத் தோலேட்டை வெளியே நின்றவர்களும் உரிமை கோரித் தமதாக்கினர். நம் கல்வெட்டுகளுக்கு அப்படியொரு தொடர்ச்சி வாய்க்கவில்லை. அவை ஆய்வாளர் படியெடுக்கும்வரை பேசாதிருந்தன.

ஆங்கிலேயர் ஆட்சியோடு இந்தியாவுக்கு வந்த ஆட்கொணர்வு நெறி, 1950இல் அரசமைப்புச் சட்டத்தின் 32, 226ஆம் பிரிவுகளில் இடம்பெற்றது. உயிரையும் தனிமனித விடுதலையையும் 21ஆம் பிரிவு காக்கிறது. எழுதிவைத்தது போதாது என்பதை நெருக்கடிநிலைக் காலம் காட்டியது. ஒன்பது உயர்நீதிமன்றங்கள் சிறைப்பட்டோரின் மனுக்களைக் கேட்கலாம் என்றிருந்தும், 1976 ஏப்ரல் 28இல் உச்சநீதிமன்றம் நெருக்கடிநிலையில் அவ்வுரிமை இல்லை என்றது. ஐந்து நீதிபதிகளுள் எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். தலைமை நீதிபதிப் பதவி அவருக்குக் கிட்டாமற்போயிற்று. 1978இல் நிறைவேறிய 44ஆம் திருத்தம், நெருக்கடிநிலையிலும் 21ஆம் பிரிவை முடக்கவொண்ணாது என விதித்தது. 2017இல் உச்சநீதிமன்றமே அப்பழைய தீர்ப்பைத் தள்ளியது.

இவ்வளவும் நடந்தபின், நம் திருச்சபையின் மகனொருவர் நீதிக்காகக் காத்திருந்தே மறைந்தார். 1937இல் திருச்சிப் பகுதியில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி, சார்க்கண்டில் பழங்குடியினரோடு வாழ்ந்தவர். விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடிய பழங்குடி இளைஞர்களுக்காக வழக்குத் தொடுத்தவர். 2020 அக்டோபர் 8இல் பீமா கோரேகாவ் வழக்கில் அவரே கைது செய்யப்பட்டார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிய அம்முதியவர், நீர் அருந்த உறிஞ்சுகுழல் கேட்டும் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2021 சூலை 5ஆம் நாள் அவரது பிணை மனு மும்பை உயர்நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்ட செய்தியே நீதிபதிகளுக்குச் சொல்லப்பட்டது. வயது 84. அவர்மீதான விசாரணை தொடங்கவேயில்லை. தாமதத்தை மறுப்போடு ஒரே வரிசையில் வைத்த அந்த 40ஆம் பிரிவின் பொருளை அவரது சாவு நமக்கு விளக்குகிறது.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் கைம்பெண்ணை நாம் அறிவோம். கடவுளுக்கும் அஞ்சாத நடுவரிடம் அவள் சலியாது சென்று நீதி கேட்டாள். இடைவிடாத மன்றாட்டுக்கு அவளை எடுத்துக்காட்டாகக் கொள்ளும் நாம், அவள் கேட்டது நீதி என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். நம் ஊர்களில் கிராமசபை கூடும் நாளில், படித்தும் பாராத தீர்மானத்தில் கையெழுத்திட்டுத் திரும்புவோர் நம்மிலும் பலர். நம் பங்குகளிலிருந்து எத்தனை பேர் அங்குச் சென்று கணக்குக் கேட்கிறோம்? காவல் நிலைய வாசலில் தனியே நிற்கும் ஒரு தாயோடு, அவள் எச்சமயத்தவளாயினும், எத்தனை பேர் உடன் நிற்கிறோம்? திருச்சபை சாசனத்தைத் தடுத்த நாளும் உண்டு, தாங்கிய நாளும் உண்டு. லாங்டனின் வழியில் நிற்பது நம் கையில் இருக்கிறது.