வெள்ளணுவின் வழியில் இரண்டு கிருமிநாசினிகள்

ஈறு வீங்கி இரத்தம் கசியும்போது அங்கே முந்திக்கொண்டு வருபவை நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள். இரத்தக்குழாயின் உட்சுவரில் ஒட்டி, சுவரைக் கடந்து, இன்டர்லூக்கின்-8 என்ற வேதிப்பொருள் எந்தப் பக்கம் அடர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாக நகர்ந்து, பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் கிருமிகளை மறிக்கின்றன. இந்த வரத்து நின்றால் என்ன நேரும்? வெள்ளணுக்கள் குழாய்ச்சுவரில் ஒட்ட முடியாத பிறவிக் குறைபாடு ஒன்று உண்டு. அதோடு பிறந்த குழந்தைகளுக்குப் பால்பற்களே உரிய காலத்துக்கு முன் ஆடி விழுந்துவிடுகின்றன. ஆகவே குளோர்ஹெக்சிடின், போவிடோன் அயோடின் ஆகிய வாய்க் கிருமிநாசினிகளை ஒப்பிடும்போது, அவை இந்த அணுக்களை என்ன செய்கின்றன என்றும் கேட்டாக வேண்டும்.

குளோர்ஹெக்சிடினுக்குப் பெயர் வாங்கித் தந்தது 1970இல் லோ, ஷியாட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வு. பல் துலக்காமலேயே 0.2 சதவீதக் கரைசலால் நாளுக்கு இருமுறை கொப்பளித்தவர்களுக்குப் பற்படலம் படியவில்லை, ஈறும் வீங்கவில்லை. இந்த மருந்து நேர்மின்னேற்றம் கொண்டது. பல்லிலும் வாய்ச்சவ்விலும் பற்றிக்கொண்டு மணிக்கணக்கில் மெல்ல விடுபடுகிறது. சங்கடமும் அதே மின்னேற்றத்தால்தான். கிருமியின் உறையைக் குலைப்பது நம் அணுவின் உறையையும் குலைக்கிறது. ஆய்வுக்கூடத்தில், பல மடங்கு நீர்த்த கரைசலிலும் நியூட்ரோபில்கள் சிதைவதைக் கண்டிருக்கிறார்கள்.

போவிடோன் அயோடினும் அணுக்களுக்கு நண்பனல்ல. அதிலிருந்து விடுபடும் அயோடின் புரதங்களை ஆக்ஸிஜனேற்றம் செய்கிறது. கிருமியோடு வெள்ளணுவும் சாகிறது. ஆனால் இரத்தமும் சீழும் பட்டதும் அயோடின் விரைவில் தீர்ந்துபோகிறது. தீங்கும் குறுகியது, பலனும் குறுகியது.

ஆய்வுக்கூட முடிவை அப்படியே வாய்க்குப் பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளணுக்களின் நகர்வை அளக்க 1962இல் பாய்டன் என்ற ஆய்வாளர் அமைத்த கலத்தில், மெல்லிய வடிகட்டியைக் கடந்து அணுக்கள் எவ்வளவு வருகின்றன என்று பார்ப்பார்கள். அங்கே மருந்தைக் கழுவ உமிழ்நீர் இல்லை; மடிந்தவற்றுக்கு மாற்றாகப் புதிய அணுக்களும் வருவதில்லை.

ஈறு அறுவைக்குப் பின் துலக்க முடியாத நாட்களுக்கு நான் குளோர்ஹெக்சிடினையே சொல்வேன். மாதக்கணக்கில் நீட்டினால் பல் பழுப்பேறும், நாக்கில் சுவை மங்கும். பல்லோரப் பள்ளம் ஆழமாகி உண்டாகும், கசியும் ஈறுப்பையைப் பல் மருத்துவர் கழுவுவதற்கு அயோடின் பொருந்தும். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பல்லைச் சுத்தம் செய்வதோடு அயோடினைச் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் சிறிதுதான்.

வீட்டில் கொப்பளிக்கும்போது இரண்டுமே ஐந்து மில்லிமீட்டர் ஆழப் பைக்குள் இறங்குவதில்லை. அங்கே குடியிருக்கும் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்னும் கிருமி, ஈறின் அணுக்கள் இன்டர்லூக்கின்-8 சுரப்பதையே அடக்கி, வெள்ளணுக்களுக்குத் திசை தெரியாமல் செய்துவிடுகிறது. அந்தக் கிருமிக்கூட்டத்தையும் பற்காரையையும் கருவியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை நோயில் வெள்ளணுக்களின் நகர்வு ஏற்கெனவே மந்தம். அந்த நோயுள்ளவர்கள் மருந்துப் புட்டியை நம்பித் தள்ளிப்போடாமல் முதலில் ஸ்கேலிங் என்னும் இந்தச் சுத்தத்தைச் செய்துகொள்ள வேண்டும்.