மதுரையிலிருந்து கிளிமானூருக்கு ஒரு தூரிகை

ரவிவர்மா என்றதும் நம் மனதில் எழுபவை லட்சுமியும் சரஸ்வதியும்தான். 1894ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் அத்தெய்வங்களை எளியவர் வீட்டுச் சுவர்களிலும் ஏற்றிவைத்தது. அந்தக் கதையின் தொடக்கத்தில் ஒரு மதுரைக்காரர் இருக்கிறார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

சுவாதித் திருநாள் (ஆட்சி 1829–1846) அவையில் புகழ்பெற்றிருந்த ஓவியர் மதுரை அழகிரி நாயுடு. அழகர்கோயில் வசந்த மண்டபத்தின் ராமாயண ஓவியங்களை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, இவ்வட்டாரத்திலிருந்து ஒரு சித்திரக்காரர் அரசவைக்குச் சென்றதில் வியப்பிராது. கிளிமானூர் ராஜராஜ வர்மா அவரிடம் பயின்றார். அவரிடம் முதற்பாடம் கற்ற மருமகன்தான் 1848ல் பிறந்த ரவிவர்மா.

ஆனால் தைலவண்ணத்தின் நுட்பம் எளிதில் கைகூடவில்லை. திருவனந்தபுரம் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்தார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் மறைவாக உதவினார். 1868ல் வந்த தியோடர் ஜென்சனும் தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். தொழில் ரகசியமாகக் காக்கப்பட்ட ஒரு கலையைக் கண்ணால் களவாடிக் கற்ற மனிதர், பின்னர் அதைக் கல்லச்சில் ஊரெங்கும் விநியோகித்தார் என்பதில் ஓர் அழகான நியாயம் இருக்கிறது.

அவருக்கு முதற்புகழ் தேடித்தந்தது புராணமன்று. கூந்தலில் பூச்சூடும் ஒரு நாயர் பெண். 1873ல் சென்னையிலும் வியன்னாவிலும் அப்படம் பரிசு பெற்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரித் குதிரைப் பந்தயத் திடலையும் ரயில் நிலையத்தையும் வரைந்திருந்தார். அன்றாட வாழ்வே ஓவியத்துக்குப் போதுமான பொருள் என்னும் விக்டோரிய யுகத்தின் நம்பிக்கை ரவிவர்மாவிடமும் உண்டு. 1889ல் தீட்டிய இசைக்கலைஞர் குழுவில் பல பிரதேசங்களைச் சேர்ந்த பதினொரு பெண்கள். 1893ல் வரைந்த ‘அதோ அப்பா வருகிறார்’ ஓவியத்தில் குழந்தையை ஏந்தி நிற்பவர் அவருடைய மகளே.

அவருடைய புராணப் படங்கள் நாடகத்தனமானவை என்றார் ஆனந்த குமாரசாமி. அவ்விமர்சனத்தை என்னால் முற்றாக மறுக்க இயலவில்லை. ஆனால் தெய்வங்களை வைத்து மட்டும் ரவிவர்மாவை எடைபோடுவது அநீதி. வாசலைப் பார்த்து நிற்கும் அந்தத் தாயிடம் நாடகம் இல்லை. காத்திருப்பு மட்டுமே இருக்கிறது. 1906ல் மறைந்த ரவிவர்மாவை நாம் மறுபடி பார்க்கத் தொடங்க வேண்டிய இடம் அந்த வாசல்தான். அப்போது, அழகிரி நாயுடுவையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.