படத்தில் பெண், பட்டறையில் யார்?

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் மளிகைக் கடையோ நகைக் கடையோ, எதில் நுழைந்தாலும் கல்லாவுக்கு மேலே லட்சுமி படம் இருக்கும். தாமரை மேல் நிற்கும் அந்தச் சாயலை வீடுதோறும் பரப்பியவர் ராஜா ரவிவர்மா. 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். நிறத்துக்கொரு கல், ஒவ்வொன்றாக ஒற்றியெடுத்தால்தான் முழுப்படம். அரண்மனைச் சுவரில் இருந்த பெண்கள் இப்படித்தான் ஓட்டு வீட்டுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

லட்சுமி, சரஸ்வதி, சகுந்தலை, தமயந்தி எல்லாம் பெண்கள்தான். வரைஞ்சது யாரு? ரவிவர்மாவின் தங்கை மங்களாபாய் தம்புராட்டியும் ஓவியர். அண்ணனையே உருவப்படமாக வரைந்தவர். ஆனால் ஊரெங்கும் போனது அண்ணன் பெயர்தான்.

நம்ம நாட்டில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அதே காலத்துப் பாரிசில் தெகா, துலூஸ்-லோத்ரெக் அச்சிட்ட படங்களிலும் நாட்டியக்காரி, பாடகி, குளிக்கும் பெண் என்று பெண்கள்தான் நிறைய. அங்குள்ள அரசு நுண்கலைப் பள்ளியோ 1897 வரை மாணவிகளைச் சேர்க்கவில்லை.

அந்தப் பள்ளி வாசலை மிதிக்காமலே கலைஞரானவர் சூசான் வலதோன். துணி துவைப்பவரின் மகள். சர்க்கஸில் விழுந்து அடிபட்டபின், ஓவியர்கள் முன் மணிக்கணக்கில் அசையாமல் நின்று பிழைத்தார். ரெனுவார், லோத்ரெக் படங்களில் இருப்பவர் அவர்தான். நின்றபடியே கற்றுக்கொண்டார் போலும்! அவர் கோட்டோவியங்களைப் பார்த்து அசந்த தெகா, தன் அச்சு இயந்திரத்திலேயே பழக்கினார். மெழுகு பூசிய தகட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் வரைய வேண்டும். தாளோடு மெழுகு பெயர்ந்த இடத்தை அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை நிற்கும். 1895 வாக்கில் வலதோன் அச்சிட்டவற்றிலும் குளிக்கும் பெண்கள் உண்டு. ஆனால் யாருக்காகவும் அழகு காட்டாமல், உடம்பைத் துடைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கிற பெண்கள். எனக்கு லோத்ரெக்கை விட இவையே ஒருபடி மேல்.

பாரிசில் வாழ்ந்த அமெரிக்கப் பெண் மேரி கசாட், ஜப்பானிய மரக்கட்டை அச்சைப் பார்த்து மயங்கி 1891-இல் பத்து வண்ணப் படங்களைக் காட்சிக்கு வைத்தார். கடித உறையை நாக்கால் நனைத்து ஒட்டுகிறாள் ஒருத்தி. குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள் இன்னொருத்தி. அவ்வளவுதான் விஷயம்.

அலிகாரில் பிறந்த சரீனா 1960-களில் அதே பாரிசுக்குப் போய் அச்சுக்கலை பயின்றார். பின்னாளில் அவர் கையில் எடுத்தது மரக்கட்டையும் உளியும்; வரைந்தது, விட்டு வந்த வீட்டை.

உளி என்றதும் நம்ம ஊர் நினைவு வருகிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே செதுக்கப்படுவதிலும் லட்சுமி உண்டு. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்து நம் கல்லூரியில் படிக்கும் தங்கைகள் ஒருநாள் அந்தப் பட்டறைகளுக்குப் போய், உளி பிடித்திருப்போரில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணி, அடுத்த மலருக்கு எழுதித் தாருங்களேன்.