நோரா வெளியேறிய பின்

நோர்வே நாடகாசிரியர் இப்சன் 1879 இல் படைத்த நோரா, கணவன் தன்னைப் பொம்மையாகவே வைத்திருந்தான் என உணர்ந்து, வீட்டுக் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறுகிறாள். 'புதிய இளைஞன்' என்னும் சஞ்சிகை அந்நாடகத்தை 1918 இல் சீன மொழியில் வெளியிட்டது. தந்தைக்கும் கணவனுக்கும் மகனுக்கும் முறையே அடங்கி வாழ்வதே பெண்மை எனப் போதிக்கப்பட்ட சீன நங்கையருட் படித்தவர்களுக்கு அக்கதவோசை ஓர் அழைப்பாகவே கேட்டது.

1923 டிசெம்பரில், பீக்கிங் பெண்கள் உயர்தர ஆசிரியர் கலாசாலையில் உரையாற்றிய எழுத்தாளர் லூ சுன், நாடகம் சொல்லாது விட்ட வினாவை எழுப்பினார். வெளியேறிய நோராவுக்கு என்ன நேரும்? கையிற் பணமில்லையேல் அவள் சீரழிவாள். அன்றேல் திரும்பி வருவாள் என்றார். மேனாட்டு நாகரிகமும் கத்தரித்த கூந்தலும் சோறிடுமா? 1925 இல் அவர் எழுதிய சிறுகதையொன்றின் நாயகி, உறவினரை எதிர்த்துக் காதலனோடு வாழச் செல்கிறாள். அவன் வேலை இழக்கிறான், அன்பும் வறள்கிறது. தந்தை வந்து அழைத்துச் செல்கிறார். அங்கே அவள் மாண்டுபோகிறாள்.

லூ சுன் வேண்டி நின்றது பொருளாதார உரிமை. 1930 இல் இயற்றப்பட்ட குடியியற் சட்டம் மகளுக்கும் மகனுக்கும் சமமான வாரிசுரிமை வழங்கிற்று. கிராமங்களிலோ அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது.