பொதுக் கிணறும் பிளக்கியும்

எங்க கோவில்பட்டிப் பக்கம் அண்ணன் தம்பி கரிசல் காட்டைப் பங்கு வைத்தாலும் கிணற்றைப் பிரிக்க மாட்டார்கள். முறை போட்டு இறைப்பார்கள்.

பைதான் சோதனைக் கருவியான பைடெஸ்டின் கதையும் கொஞ்சம் அப்படித்தான். அதன் செருகுநிரல் பொறி 2015-இல் 'பிளக்கி' என்ற தனி நூலகமானது. டாக்ஸ் என்ற இன்னொரு கருவியும் அதே பொறியில் ஓட ஆரம்பித்தது. பிரித்த கையோடு பைடெஸ்ட் அதை வெளியே விட்டுவிடவில்லை. ஒரு நகலை மடியிலேயே கட்டி வைத்திருந்தது (இதுதான் எனக்குப் பிடித்த இடம்). 2017 நவம்பரில் வந்த 3.3 பதிப்பில்தான் நகலை அவிழ்த்துப் போட்டது.

நானும் ஒரு சின்ன சோதனை நூலகம் வச்சிருக்கேன். ஒப்பீட்டுப் பகுதியைத் தனியாக்கச் சொல்லி நண்பர் நச்சரிக்கிறார். அதை மட்டும் வேற யாராவது பயன்படுத்துறாங்களான்னு தேடினேன். ஒருத்தருமில்லை. ரெண்டு பதிப்பு எண், ரெண்டு வெளியீடு, ராத்திரி முழிப்பு எல்லாம் எனக்குத்தான். இப்போதைக்குப் பிரிக்கலை.